சினிமா பிடிக்காத ராஜாஜியின் சினிமா

ஓசூர் பக்கத்துல இருக்கும் தொரப்பள்ளிதான் ராஜாஜி பிறந்த ஊர். வருஷம் 1878. சினிமா என்றாலே ஆகாது. ஆனால் கதை எழுதுவதை விடாத மனுஷர். குடி ஒரு குடும்பத்தை என்ன பண்ணும்னு சொன்ன கதை ‘திக்கற்ற பார்வதி’.

எழுதியதோடு நிற்கவில்லை. 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரீமியராக, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். ஓசூரும் அப்போ சேலம்தான்.

1971-ல் அது தளர்த்தப்பட்டபோது, 92 வயதில் முதல்வர் கருணாநிதி வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டார். நடக்கவில்லை. மறுவருஷம் இறந்துபோனார்.

‘திக்கற்ற பார்வதி’யை சிங்கீதம் சீனிவாசராவ் தொரப்பள்ளியிலேயே படமாக்கினார், தேசிய விருதும் கிடைத்தது. (2008-ல் ‘கடோத்கஜ்’ அனிமேஷன் எடுத்தாரே, அவரேதான். ‘வியாசர் விருந்து’ படித்தவர்களுக்கு அந்தக் கடோத்கஜன் பழைய ஆள்.) படம் வந்தது 1974-ல். அதே வருஷம் மதுவிலக்கும் திரும்பி வந்தது.