புரதத்துக்கு எழுத்து கொடுத்தவர்

குட்டீஸ், செய்தித்தாளில் ஒரே பக்கத்தின் இரண்டு பிரதிகளை எடுங்கள். இரண்டையும் வேறு வேறு இடங்களில் கிழித்து, துண்டுகளைக் கலந்துவிடுங்கள். மறுபடி அடுக்க முடியுமா? முடியும்! ஒரு துண்டின் ஓரத்தில் அறுந்துபோன வரி, இன்னொரு துண்டின் நடுவில் முழுசாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் பக்கம் முழுவதும் வந்துவிடும்.

இந்த வித்தையை 1962ல் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் மார்கரெட் டேஹாஃப். அவர் அடுக்கியது செய்தித்தாளை அல்ல; புரதங்களை!

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1925 மார்ச் 11ல் பிறந்தார் மார்கரெட். கணிதத்தில் பட்டம் பெற்றார். 1948ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். இரண்டு பெண் குழந்தைகளை வளர்ப்பதற்காகச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்தார். 1960ல் வாஷிங்டன் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேதான் ராபர்ட் லெட்லி என்பவரோடு சேர்ந்து அந்த கம்ப்யூட்டர் வேலையைச் செய்தார்.

புரதம் என்பது என்ன? 20 வகை அமினோ அமிலங்களை மணிமாலை போல வரிசையாகக் கோர்த்தது. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்று கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். கண்டுபிடித்ததை ஆளுக்கொரு பத்திரிகையில் எழுதினார்கள். தேடுகிறவருக்கு எவ்வளவு சிரமம், பாருங்கள்! மார்கரெட் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து, 1965ல் புத்தகமாக வெளியிட்டார். அதில் இருந்தது 65 புரதங்கள்தான்.

அன்றைய கம்ப்யூட்டரில் இடம் மிகக் குறைவு. ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் மூன்று ஆங்கில எழுத்துகளில் எழுதி வந்தார்கள். அதை ஒரே எழுத்தாகச் சுருக்கியவரும் இவரே. ஃபினைல்அலனினுக்கு 'பி' கொடுக்க முடியவில்லை. அதைப் புரோலின் எடுத்துக்கொண்டது. அதனால் காதில் விழும் ஓசையை வைத்து 'எஃப்' கிடைத்தது!

எழுத்தாக்கிவிட்டால் ஒப்பிடலாம் அல்லவா? சைட்டோகுரோம் சி என்ற புரதத்தில் நமக்கு 104 எழுத்துகள். மனிதனுக்கும் குதிரைக்கும் 12 இடங்களில் வேறுபாடு. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் ஒன்றுகூட இல்லை! எந்த எழுத்து எந்த எழுத்தாக எளிதில் மாறும் என்று அட்டவணையே போட்டார் மார்கரெட்.

தொகுப்பதெல்லாம் ஆராய்ச்சியா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. பணம் போதாததால், தொகுப்பை விலைக்குத்தான் கொடுக்க முடிந்தது. 1980ல் தொலைபேசிக் கம்பி வழியாக, தூரத்துக் கம்ப்யூட்டரில் இருந்தே தேடும் வசதியும் செய்தார். ஆனால், 1982ல் டி.என்.ஏ. எழுத்துகளுக்கான தேசியச் சேமிப்பகத்தை அமெரிக்க அரசு வேறொரு குழுவிடம் ஒப்படைத்தது. அந்தக் குழு எல்லாருக்கும் தாராளமாகத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அரசு செய்தது சரிதான். ஆனாலும், இத்தனை ஆண்டு பாடுபட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்! மறு ஆண்டு, 1983 பிப்ரவரி 5ல் மாரடைப்பால் இறந்துபோனார். வயது 57.

2003ல் மனித ஜீனோம் திட்டம் முடிந்தது. ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள்! எல்லாம் இன்டர்நெட்டில் இலவசம். அவற்றில் தேடுவது எப்படி என்று விஞ்ஞானிகளுக்கே பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அங்கே புரத வரிசையைக் கம்ப்யூட்டரில் அடிக்கும்போது, ஃபினைல்அலனினுக்கு இன்றும் 'எஃப்' தான்.