கதை வழியே கல்வி புகட்டிய அறிஞர் சித்தி லெவ்வை

உடன்குடிப் பகுதி வணிகர்கள் கடல் கடந்து இலங்கை சென்று கடை வைத்து வாழ்ந்த வரலாற்றை நாம் அறிவோம். ஆனால், அக்கரையில் தோன்றிய முதல் தமிழ் நாவலையும் அதனைப் படைத்த பெருமகனையும் நம் மாணவருள் பலர் அறியார். அவரே அறிஞர் முகம்மது காசிம் சித்தி லெவ்வை ஆவார்.

கண்டி மாநகரில் 1838இல் பிறந்த அவர், வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் பாதிரிமார் வசம் இருந்தமையால், மார்க்கப் பற்று குன்றிவிடுமோ என அஞ்சி, முஸ்லிம்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய காலம் அது. இந்நிலை கண்டு வருந்திய அறிஞர், 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிக் கல்வியின் இன்றியமையாமையை எடுத்துரைத்தார். கொழும்பில் மதரஸா நிறுவவும் பாடுபட்டார். 1892இல் தோன்றிப் பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்திற்கும் அவர் உழைப்பு உரமாயிற்று.

கட்டுரையைப் பாதியில் மூடிவைப்பவரும் நல்ல கதையை முடிக்காமல் வையார். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. ஆறாண்டுகள் கழித்து, 1885இல், சித்தி லெவ்வை 'அஸன்பேயுடைய கதை'யை வெளியிட்டார்.

எகிப்தில் உயர்குடியில் பிறந்த குழந்தை திருடப்பட்டுப் பம்பாயில் வளர்கிறது. இளைஞனானதும் கல்கத்தா சென்று கற்று, முடிவில் பிறந்த மண்ணை நாடுகிறது. நாயகன் அறியாத பிறப்பு மறைபொருளை வாசகர் அறிவர். அவன் எப்போது அறிவான் என்னும் ஆவலே ஏட்டைப் புரட்ட வைக்கிறது. கதைக்களத் தேர்விலும் நுட்பம் உண்டு. 1882 எகிப்தியப் போரில் தோற்ற அராபி பாஷா, 1883 முதல் இலங்கையில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்தார். அறிஞர் அவருடன் நட்புப் பூண்டிருந்தார். ஆகவே எகிப்து, அன்றைய வாசகருக்குப் பேசிப் பழகிய நாடு. கல்வியின் உயர்வையோ நாயகனின் வாழ்வே காட்டுகிறது. துயரில் தொடங்கிய அவன் வாழ்வு கல்வியால் உயர்கிறது.

1898இல் அறிஞர் மறைந்தார். ஆனால், அவர் காட்டிய வழி மறையவில்லை. நம் மாணவர் எழுதும் சிறுகதைகள் பலவும் அறிவுரையில் தொடங்கி அறிவுரையிலேயே முடிகின்றன. பிழை அவர்களுடையதன்று; அவ்வாறு எழுதுமாறு பழக்கிய நம்முடையதே. முதலில் வாசகர் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்புக. அவர் அறிந்த மண்ணில் கதையை நடத்துக. அறத்தைப் பாத்திரத்தின் செயலில் வைத்திடுக. நூறாண்டுகளுக்கும் முன்னரே இதனைச் செய்து காட்டிய அறிஞரின் நூலைத் தேடிக் கற்பதே நாம் அவருக்குச் செய்யும் நன்றிக்கடனாகும்.