தம்மை மறைக்காத மருத்துவர்

கத்தியைப் பிடிக்கும் மருத்துவரின் கை குடியினால் நடுங்கினால் நோயாளியின் கதி என்ன? அப்படிக் கை நடுங்கிய ஒருவரே பின்னாளில் ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளைக் கரையேற்றினார். அவர்தாம் டாக்டர் பாப் என்று அன்புடன் அழைக்கப்பட்ட ராபர்ட் ஹால்புரூக் ஸ்மித்.

அவர் 1879ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு நீதிபதியின் மகனாகப் பிறந்தார். கல்லூரி நாள்களிலேயே குடிப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். காலையில் கை நடுங்காதிருக்க மருந்து உட்கொள்வார், மாலையில் குடிப்பார். புட்டிகளை நிலக்கரித் தொட்டியிலும் உத்தரத்தின் மேலும் ஒளித்து வைப்பார். ஊரார் அறிந்தால் பிழைப்புப் போய்விடுமே என்று அஞ்சிப் பொய்க்கு மேல் பொய் சொன்னார். அன்பு மனைவி ஆன் கண்ணீர் வடித்தார்.

1935ஆம் ஆண்டு மே மாதம், குடியை விட்டு மீண்டிருந்த பில் வில்சன் என்பவரைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டுமே பேசுவதாகச் சொல்லி வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருந்தார். காரணம், வில்சன் உபதேசம் செய்யவில்லை. தாம் விழுந்த கதையை ஒளிக்காமல் சொன்னார்.

அதன் பின்னும் டாக்டர் ஒருமுறை தவறினார். ஜூன் மாதத்தில் ஒருநாள் அறுவை முடிந்ததும் அவர் வெகுநேரம் வீடு திரும்பவில்லை. வீட்டில் இருந்தவர்கள் கலங்கினர். அவரோ கடன் கொடுத்தவர்களையும், தம்மால் மனம் நொந்தவர்களையும் தேடிச் சென்று தம் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்! அன்று முதல் இறக்கும்வரை அவர் மதுவைத் தொடவில்லை. இருவரும் சேர்ந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர்.

அக்காலத்தில் குடிகாரருக்குப் படுக்கை தர மருத்துவமனைகள் தயங்கின. 1939இல் ஆக்ரன் நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் பணிபுரிந்த அருட்சகோதரி இக்னேஷியா அவர்களுக்குக் கதவைத் திறந்தார். நலமடைந்து செல்வோரிடம் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க நினைத்தால் அதை முதலில் திருப்பித் தர வேண்டும் என்பார். அங்கே டாக்டர் பாப் 5000க்கும் மேற்பட்டோருக்குக் கட்டணம் வாங்காமல் மருத்துவம் செய்தார். தாமும் குடிநோயாளியே என்பதையும், குடியை விட்ட பின்னும் இரண்டரை ஆண்டுகள் அந்த ஆசை தம்மை வாட்டியதையும் அவர் மறைக்கவில்லை. தம்முடைய இரகசியத்தை வெளிப்படையாகச் சொன்ன அவர், தம்மை நாடி வந்தவர்களின் இரகசியத்தைக் கட்டிக் காத்தார்.

1950ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அவர் காலமானார். அவரது கல்லறையில் அந்த அமைப்பின் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை.

பிறரைத் திருத்த விரும்புவோருக்குக் கல்வியும் பட்டமும் மட்டும் போதா. முதலில் தம்மிடம் உண்மை வேண்டும். தோழியரே, நாளை மருத்துவராகவோ, தாதியராகவோ, ஆசிரியையாகவோ பணியாற்றப்போகும் நாம் இதை நெஞ்சில் நிறுத்துவோமாக!

– பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு