அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

1907ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பதினெட்டு வயது நிரம்பிய தமிழ் இளைஞர் ஒருவர் கல்கத்தா மாநகருக்கு வந்து சேர்ந்தார். இன்று நாம் கொல்கத்தா என்று அழைக்கும் அந்நகரமே அக்காலத்தில் இந்தியாவின் தலைநகரமாக விளங்கியது. வந்தவர் அரசின் நிதித்துறையில் உதவித் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றார். அரசின் வரவு செலவுகளைச் சரிபார்ப்பதும், கோப்புகளைப் படித்து ஆணையிடுவதும் அவருடைய கடமைகள். நல்ல ஊதியமும் உயர்ந்த மதிப்பும் உடைய பதவி அது. ஆயினும், அவர் கல்லூரியில் கற்றது கணக்கியல் அன்று, இயற்பியல். ஒளி எவ்வாறு வளைகிறது, தந்தி எவ்வாறு அதிர்கிறது என்பனவே அவர் உள்ளத்தை நிறைத்திருந்த வினாக்கள். அவர்தாம் சந்திரசேகர வேங்கட இராமன். உலகம் பின்னாளில் அவரைச் சர் சி. வி. இராமன் என்று அறிந்தது.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகரர், தாயார் பார்வதி அம்மாள். தந்தையார்க்கு விசாகப்பட்டினத்தில் உள்ள கல்லூரியில் விரிவுரையாளர் பணி கிடைத்தது. எனவே, குடும்பம் காவிரிக் கரையை விட்டு வங்கக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தது. உங்களுள் பலரைப் போலவே இராமனும் வீட்டில் தமிழ் பேசி, தெருவில் வேறொரு மொழியைக் கேட்டு வளர்ந்தவர். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். வயலின் வாசிப்பதிலும் விருப்பம் உடையவர். நூல்களும் இசையும் நிறைந்த அவ்வீட்டில் வளர்ந்த சிறுவர், 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார்.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் இளங்கலைப் பட்டத்தையும் இயற்பியலுக்குரிய தங்கப் பதக்கத்தையும் பெற்றார். 1907இன் தொடக்கத்தில் முதுகலைத் தேர்விலும் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் வெற்றி கண்டார். அதற்கு முன்பே, கல்லூரி ஆய்வகத்தில் ஒளியைக் கொண்டு தாமாகச் செய்த ஆய்வு ஒன்றைக் கட்டுரையாக எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். 1906 நவம்பரில் அக்கட்டுரை 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இத்தகைய மாணவர் ஆராய்ச்சியாளர் ஆவதன்றோ இயல்பு? ஆனால் அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள வழியில்லை. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல வேண்டும் என்று ஆசிரியர்கள் விரும்பினர். இராமனைச் சோதித்த மருத்துவரோ, அவருடைய மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று கூறிவிட்டார். கல்லூரிகளில் உயர்ந்த பேராசிரியர் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே உரியனவாக இருந்தன. ஆகவே, முன்னரே நிதித்துறையில் சேர்ந்திருந்த தமையனார் சென்ற வழியிலேயே இவரும் சென்றார். வரலாறு, பொருளாதாரம் முதலிய பாடங்களைப் புதிதாகப் படித்து, நிதித்துறைக்கான போட்டித் தேர்வில் முதலிடம் பெற்றார். அவ்வாண்டிலேயே உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, இளம் மனைவியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்.

இவ்வாறு இயற்பியல் பட்டம் ஒருபுறமும் பிழைப்பு மற்றொருபுறமுமாகப் பிரிந்தன. பலருடைய வாழ்க்கையில் இப்பிரிவு நிலைத்துவிடுகிறது. பெற்ற பட்டம் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்கும். கற்ற கல்வி மெல்ல மறந்துபோகும். இராமன் வாழ்விலும் அவ்வாறு நேர்ந்திருக்கக் கூடும்.

ஒருநாள் அவர் டிராம் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது, பௌ பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. 'இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்' என்பது அதில் எழுதப்பட்டிருந்த பெயரின் பொருள். மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காள மருத்துவர் 1876இல் நிறுவிய கழகம் அது. இந்தியர்கள் தம் சொந்த முயற்சியால் அறிவியல் ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்று எண்ணி, அவர் பலரிடம் நன்கொடை திரட்டி அதனை உருவாக்கினார். விரிவுரை மண்டபம் இருந்தது, கருவிகளும் இருந்தன. ஆனால் அங்கே இடைவிடாது ஆய்வு செய்ய முன்வந்தவர்கள் மிகச் சிலரே. தம் எண்ணம் முழுமையாக நிறைவேறுவதைக் காணாமலேயே அப்பெரியார் 1904இல் மறைந்தார். அவருடைய மகனார் அமிர்தலால் சர்க்கார் கழகத்தைக் காத்துவந்தார். ஆய்வு செய்ய இடம் தேடி ஓர் இளைஞர் தாமாக வந்து கதவைத் தட்டியபோது, அவர் பெருமகிழ்ச்சியுடன் வரவேற்றார். ஆய்வுக்கூடத்தை எந்நேரமும் பயன்படுத்திக்கொள்ள இராமனுக்கு உரிமை கிடைத்தது.

அன்று தொடங்கிய நாள்முறை பிறர் கேட்டால் மலைப்பூட்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு இராமன் கழகத்திற்குச் சென்றுவிடுவார். ஒன்பதே முக்கால் மணியளவில் வீடு திரும்பி, விரைந்து குளித்து உண்டு, அலுவலகம் செல்வார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் முடிந்ததும் நேரே மீண்டும் கழகத்திற்கே செல்வார். இரவு ஒன்பதரை, பத்து மணிக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுவதும் ஆய்வுக்கூடத்தில் கழியும். இதற்காக ஒருவரும் அவருக்கு ஊதியம் தரவில்லை. பிற்காலத்தில் கழகத்தை ஒட்டிய வீட்டிற்கே குடிபெயர்ந்து, வீட்டிலிருந்து நேரே ஆய்வுக்கூடத்திற்குள் நுழைய ஒரு கதவும் அமைத்துக்கொண்டார்.

உழைப்பு என்றவுடன் நாம் இராமனை மட்டும் நினைக்கிறோம். மொழி தெரியாத ஊரில், உறவினர் அருகில் இல்லாத வீட்டில், கணவர் இரவில் வரும்வரை காத்திருந்து குடும்பத்தை நடத்திய உலோகசுந்தரி அம்மையாரின் பங்கையும் இங்கே நினைப்பது முறையாகும்.

ஆய்வுக்கூடத்தில் இராமனுக்குத் துணையாக இருந்தவர் அசுதோஷ் தே என்பவர். கல்லூரியில் பட்டம் பெறாத அவர், இராமனுடன் பழகிப் பழகிச் சிறந்த ஆய்வாளராக வளர்ந்தார். அசு பாபு என்று அன்புடன் அழைக்கப்பட்ட அவருடைய பெயர் இராமனின் கட்டுரைகளிலும் இடம்பெற்றுள்ளது. ஒருவர் பட்டம் பெற்றும் அதற்குரிய வேலை இல்லாதவர். மற்றவர் பட்டமே இல்லாதவர். அவ்விருவருமே அக்கூடத்தின் விளக்கை ஏற்றிவைத்தனர்.

அங்கிருந்த கருவிகள் எளியவை. ஆதலால், பெரும்பொருள் செலவின்றி ஆராயத்தக்க துறையையே இராமன் முதலில் தேர்ந்தெடுத்தார். அதுவே ஒலியியல். வில்லால் இழுக்கப்படும் வயலின் தந்தி எவ்வாறு அதிர்கிறது என்பதை அவர் நுணுகி ஆராய்ந்தார். தந்தையாரின் வயலின் இசையைக் கேட்டு வளர்ந்த செவி இங்கே பயன்பட்டது. நம் நாட்டு இசைக்கருவிகளும் அவருடைய ஆய்வுக்கு உரியவை ஆயின. தம்புராவும் வீணையும் மிருதங்கமும் இனிமையாக ஒலிப்பது ஏன் என்று அவர் வினவினார். பொதுவாகத் தோற்கருவியைத் தட்டினால் எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. அதனால் சுருதி இல்லாத வெறும் ஓசையே கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவே கரிய கரணை பூசப்பட்டிருக்கிறது. அது தோலின் நடுப்பகுதியைக் கனமாக்கி, மேலொலிகளை இசைவான முறையில் அமையச் செய்கிறது. பெயர் அறியாத பழங்காலக் கைவினைஞர்கள் கண்டறிந்த இந்நுட்பத்தை, 1920இல் இராமன் 'நேச்சர்' இதழின் வழியாக உலகிற்கு விளக்கினார்.

அரசு வேலையோ ஓரிடத்தில் நிலையாக இருக்க விடுவதில்லை. 1909இல் அவர் பர்மாவில் உள்ள இரங்கூனுக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு தந்தையார் காலமானார். விடுப்பில் சென்னை வந்த காலத்திலும், தாம் படித்த மாநிலக் கல்லூரியின் ஆய்வகத்தை அவர் நாடினார். பின்னர் நாகபுரியில் சில காலம் பணியாற்றி, 1911இல் மீண்டும் கல்கத்தாவுக்கே வந்தார். அலுவலகக் கடமையில் அவர் ஒருபோதும் குறை வைக்கவில்லை. திறமை மிக்க அதிகாரி என்று மேலதிகாரிகள் அவரை மதித்தனர். மேலும் மேலும் உயர்ந்த பதவிகள் அவருக்காகக் காத்திருந்தன. நிதித்துறையில் இருந்த பத்தாண்டுகளில் அவர் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார் என்பது வியப்புக்குரியது. அப்பத்தாண்டுகளை வீணான காலம் என்று சிலர் கருதலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஊதியம் குடும்பத்தைக் காத்தது. காலையும் மாலையும் கல்வியைக் காத்தன.

இந்நிலையில், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த சர் அசுதோஷ் முகர்ஜி இராமனின் ஆய்வுகளைக் கவனித்துவந்தார். தாரகநாத் பாலித் என்னும் வழக்கறிஞர் வழங்கிய பெரும் நன்கொடையால் அங்கே அறிவியல் கல்லூரி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அதில் இயற்பியலுக்கான பாலித் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு அவர் இராமனை அழைத்தார்.

இவ்வழைப்பை ஏற்பது எளிதன்று. பேராசிரியர் ஊதியம் அரசு ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியே. அரசு வேலையை முற்றிலும் விட்டு விலக வேண்டும். மனைவியைக் காக்கும் பொறுப்பும் உடைய ஒருவர் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் இருக்க இயலாது. வேறொரு தடையும் இருந்தது. பேராசிரியர் ஆகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது அப்பதவிக்குரிய விதி. இராமன் ஊதியக் குறைவுக்கு உடன்பட்டார், விதிக்கு உடன்படவில்லை. இந்தியாவிலேயே கற்று இந்தியாவிலேயே ஆய்வு செய்த தாம், பயிற்சிக்காக வெளிநாடு செல்லப் போவதில்லை என்று உறுதியாக நின்றார். முடிவில் அவருக்காக அவ்விதி தளர்த்தப்பட்டது. 1917ஆம் ஆண்டு, தம் 28ஆம் வயதில், இராமன் கணக்கு ஏடுகளை மூடி வைத்துவிட்டு இயற்பியல் பேராசிரியர் ஆனார். மாணவர்க்குப் பாடம் நடத்தும் கட்டாயம் அப்பதவிக்கு இல்லை. எனினும் அவர் விரும்பிக் கற்பித்தார். பௌ பஜார் ஆய்வுக்கூடத்தையும் விடவில்லை. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் அவரை நாடி அங்கே வந்தனர்.

வெளிநாட்டுப் பயிற்சியை மறுத்தவர், 1921இல் பல்கலைக்கழகங்களின் மாநாட்டிற்காக இங்கிலாந்து சென்றார். கப்பலில் திரும்பி வருகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீல நிறம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நீலத்தைக் கடல் எதிரொளிப்பதே அதற்குக் காரணம் என்று அறிஞர் இராலே கருதியிருந்தார். இராமன் தம்மிடம் இருந்த சிறிய நிக்கல் பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பட்டு எதிரொளித்து வரும் ஒளியைத் தடுக்கவல்ல கருவி அது. எதிரொளி நீங்கிய பின்னும் கடல் நீலமாகவே தோன்றியது. முன்னினும் ஆழ்ந்த நீலமாகத் தோன்றியது. ஆகவே, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் உணர்ந்தார்.

இவ்வுணர்வு ஏழாண்டுக்கால ஆய்வாக வளர்ந்தது. தமிழகத்திலிருந்து கல்கத்தா வந்து சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் அவ்வாய்வில் அவருக்குப் பெருந்துணையாக இருந்தார். தூய நீர்மம் ஒன்றினுள் ஒரு நிற ஒளியைச் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் அந்நிறத்தோடு வேறு நிறமும் சிறிதளவு கலந்திருப்பதை அவர்கள் கண்டனர். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் அது உறுதியாயிற்று. அதுவே 'இராமன் விளைவு'. ஒளி மூலக்கூறுக்குச் சிறிது ஆற்றலைத் தந்தோ அதனிடமிருந்து பெற்றோ வெளிவருவதால் நிறம் மாறுகிறது. எந்தப் பொருளால் ஒளி சிதறியது என்பதை அந்த மாற்றத்தைக் கொண்டே அறியலாம். இன்று மருந்துகளையும் மணிக்கற்களையும் சோதிக்க இம்முறை பயன்படுகிறது. இதற்காக 1930ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. பரிசு அறிவிக்கப்படுவதற்குப் பல மாதங்கள் முன்னரே, தமக்கும் மனைவிக்கும் அவர் கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார் என்பர். தன்னம்பிக்கைக்கு ஓர் எல்லை வேண்டாவா என்று அன்று சிலர் நகைத்திருக்கக் கூடும். ஆயினும் அவர் பதிவு செய்த கப்பல் வீண்போகவில்லை.

1933இல் இராமன் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1948இல் அந்நகரிலேயே தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1954இல் பாரத ரத்னா விருது அவரை வந்தடைந்தது. மலர்களின் நிறங்களையும் வைரத்தின் ஒளியையும் முதுமையிலும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1970 நவம்பர் 21ஆம் நாள் காலமானார். அவருடைய விருப்பப்படியே, ஆராய்ச்சி நிறுவனத்தின் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. நினைவு மண்டபம் ஏதும் எழுப்பாமல், அவ்விடத்தில் ஒரு மரம் மட்டும் நடப்பட்டது.