கண்ணீரைச் சிலையாக்கிய தாய்

கலைக் கழகங்கள் பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1867-ஆம் ஆண்டு பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார் கேத்தே கோல்விட்ஸ். இவருடைய கணவர் பெர்லினில் ஏழைகளின் மருத்துவர். அக்கால ஓவியர் பலர் வண்ணங்களில் புதுமை தேட, அம்மையாரோ கணவரை நாடி வந்த தாய்மார்களின் துயர முகங்களைக் கறுப்பு வெள்ளையில் தீட்டினார்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. இளைய மகன் பீட்டர் போருக்குப் போகத் துடித்தான். தயங்கிய தந்தையிடம் அவனுக்காகப் பரிந்து பேசியவர் தாய்தான். அக்டோபரில், 18 வயதில், பெல்ஜியத்தில் அவன் மடிந்தான். அதன்பின் அவருடைய கலை போரையே எதிர்த்தது.

1919-இல் பிரஷ்யக் கலைக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1933-இல் ஹிட்லர் ஆட்சி வெளியேற்றியது. மகன் துயிலும் கல்லறைத் தோட்டத்தில், மண்டியிட்ட பெற்றோரின் கற்சிலைகளை 1932-இல் நிறுவினார். 18 வயதில் மாண்டவனுக்குச் சிலை முடிக்க 18 ஆண்டுகள்!

1945 ஏப்ரலில் அவர் கண்மூடினார். அந்தப் பெற்றோர் இன்றும் மண்டியிட்டே இருக்கின்றனர், தோழியரே!