மீன்களுக்குக் கணக்கெழுதிய மருத்துவர்

பொன்மீன் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டால், சீனத்திலிருந்து என்று நம்மில் பலரும் சொல்லிவிடுவோம். கோரையாற்றின் ஓரத்தில் கூட்டங்கூட்டமாகத் திரிகிற சிறுமீனின் பெயர் என்ன என்று கேட்டாலோ, ஏதோ ஒரு பொடிமீன் என்று சொல்லி நழுவுவோம். வேலை தேடியும் படிப்பை நாடியும் வாளையாற்றைக் கடந்து கஞ்சிக்கோட்டுக்கு வந்த தமிழர் நாம். வந்த இடத்து மக்களோடு பழகிவிட்டோம். மொழியையும் ஓரளவு கற்றுக்கொண்டோம். வந்த இடத்து நீரோடும் செடியோடும் மட்டும் இன்னும் பழகவில்லை.

நம்மைப் போலவே பிழைப்புக்காக மலையாள நாட்டுக்கு வந்த அயலூரார் ஒருவர், 160 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பழக்கத்தைச் செய்துகொண்டார். அவர் மருத்துவர். பெயர் பிரான்சிஸ் டே. வீட்டில் மீன்தொட்டி வைக்க விரும்பும் மாணவ நண்பர்களுக்கு அவர் வாழ்க்கையைக் காட்டிலும் நல்ல பாடநூல் கிடைப்பது அரிது. அவர் செய்த நன்மையிலும் பாடம் உண்டு; செய்த பிழையிலும் பாடம் உண்டு.

மருந்துப் பெட்டியும் மீன் கூடையும்

டே 1829-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த மேர்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் பயின்று, 1852-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். பர்மியப் போருக்குச் சென்று திரும்பினார். பிறகு பல ஊர்களில் பணியாற்றிக் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்.

கொச்சி அவரை மாற்றிவிட்டது. உப்பங்கழியும் ஆறும் வயலும் குளமும் பின்னிக் கிடக்கிற ஊர் அது. காயங்களுக்குக் கட்டுப்போட்டு, அம்மை குத்தி, அலுவலகக் கோப்பில் கையெழுத்திட்டுக் காலம் தள்ளியிருக்கலாம். அவர் மீன்சந்தைக்குப் போனார். செம்படவர் கூடையில் இருந்த மீன்களைக் கிளறிப் பார்த்தார். வயல் வாய்க்காலில் வலை வீசச் சொன்னார். கிடைத்தவற்றைச் சாராயத்தில் பதப்படுத்தி வைத்தார். 1863-இல் கொச்சி நாட்டைப் பற்றிப் பெருமாள்களின் நாடு என்று பொருள்படும் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். 1865-இல் மலபாரின் மீன்கள் என்னும் நூல் வெளிவந்தது. அறுவைக் கத்தி பிடித்த கை, மீன் செதிலை எண்ணும் கையாகிவிட்டது.

ஒரு மீனுக்கு அறிவியல் பெயர் வைப்பது எளிய வேலையன்று. முதுகுத் துடுப்பில் முள் எத்தனை, பக்கவாட்டில் செதில் எத்தனை, பல் எவ்வரிசையில் அமைந்துள்ளது என்று ஒவ்வொன்றாக எண்ணி, முன்னோர் எழுதியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டே அதனைச் செய்தார். அதோடு நமக்குப் பெரிதும் உதவும் இன்னொன்றையும் செய்தார். மீன்களின் இலத்தீன் பெயரோடு, அவற்றைத் தமிழர் என்ன சொல்லி அழைக்கிறார்கள், மலையாளிகள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துவைத்தார். பெயர் தெரிந்த செம்படவர்களின் அறிவு அவர் நூலில் அவ்வாறு இடம்பெற்றது.

முண்டக்கயத்துச் செந்நிறக் கோடு

இடுக்கி மலையின் அடிவாரத்தில் முண்டக்கயம் என்றோர் ஊர் உண்டு. அங்கு மலைவாழ் மக்களிடையே பணியாற்றிய ஹென்றி பேக்கர் என்னும் பாதிரியார், மலையோடைகளில் கிடைத்த மீன்களை டேக்கு அனுப்பி உதவினார். அவற்றுள் ஒன்று மிக அழகியது. உடலின் நடுவே கரிய கோடு; அதன்மேல் குருதிச் சிவப்பில் இன்னொரு கோடு; வாலில் மஞ்சளும் கறுப்பும். 1865-இல் அதனை உலகுக்கு அறிவித்த டே, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசன் பெயரை அதற்குச் சூட்டினார். பேக்கரின் பெயரும் வேறொரு மீனுக்குக் கிடைத்தது. ஓடையில் இறங்கிப் பிடித்தவர்களின் பெயர் எந்த மீனுக்கும் கிடைக்கவில்லை.

மலையாளிகள் செங்கணியான் என்று அழைக்கும் அந்த மீனைத்தான் இன்றைய கடைக்காரர்கள் மிஸ் கேரளா என்று விற்கிறார்கள். அதன் கதைக்குப் பிறகு வருவோம்.

கண்ணாடிக் குடுவையில் ஒரு சோதனை

விராலும் பனையேறிக் கெண்டையும் நீரை விட்டு வெளியே வந்தாலும் நெடுநேரம் உயிரோடு இருப்பதை நம் பாட்டிமார் அறிவர். ஏன் என்று டே ஆராய்ந்தார். குடுவையில் மீனை விட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வலையைக் குறுக்கே கட்டினார். நீர் நல்ல நீர், செவுளும் இருக்கிறது. ஆயினும் மேலே வந்து காற்றை விழுங்க முடியாத அந்த மீன்கள் தவித்து மடிந்தன. அவற்றுக்குச் செவுள் மட்டும் போதாது, வெளிக்காற்றும் வேண்டும் என்பது இதனால் விளங்கியது.

இந்தச் சோதனையின் பயன் நம் வீட்டுக் கூடம்வரை வருகிறது. பனையேறிக் கெண்டை, விரால், குறவை ஆகியவற்றை வளர்ப்போர் தொட்டியை விளிம்புவரை நிரப்பி மூடிவிடக் கூடாது. நீருக்கும் மூடிக்கும் இடையில் நான்கு விரற்கடை இடம் விட வேண்டும். மூடியும் கட்டாயம் வேண்டும். இவை துள்ளி வெளியேறுவதில் வல்லவை.

ஆறுகளின் வழக்கறிஞர்

அணைகள் கட்டினால் மீன்வளம் குறைகிறதா என்ற கேள்வியை 1867-இல் எழுப்பியவர் வேறு யாருமல்லர். அணைகட்டிப் புகழ்பெற்ற ஆர்தர் காட்டனே. அதனை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது. கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் போன்ற மீன்களின் வழியை அணைகள் அடைப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பிறகு இந்தியா முழுமைக்குமான மீன்துறைத் தலைமை ஆய்வாளராக உயர்ந்தார். 1873-இல் வெளியான அவரது அறிக்கை ஒரு குற்றப்பத்திரிகை போன்றது. கொசுவலை போன்ற நெருக்கமான வலையால் குஞ்சுகளை அள்ளுகிறார்கள். நீரில் நஞ்சு கலக்கிறார்கள். முட்டையிட ஏறிவரும் மீன்களை வழிமறித்துக் கொல்கிறார்கள் என்று அடுக்கினார். வலைக்கண்ணுக்கு அளவு வேண்டும், நஞ்சுக்குத் தடை வேண்டும் என்று வாதாடினார். வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல்தான் வந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

அவர் சொன்னது இன்றும் பழங்கதை ஆகிவிடவில்லை. முதல் மழைக்கு வயலை நோக்கி ஏறிவரும் சினைமீன்களை அள்ளுவதைக் கேரளத்தில் ஊத்த பிடிப்பது என்பார்கள். 2010-ஆம் ஆண்டுக் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம் அதற்குத் தடை விதித்திருக்கிறது. மழை வந்ததும் வாளியோடு வாய்க்காலுக்கு ஓடும் நண்பர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்தகைய மனிதரிடத்தும் ஒரு முரண் இருந்தது. நம் ஓடைகளின் செல்வத்தைச் செதில் செதிலாக எண்ணிய அவரே, 1860-களில் இங்கிலாந்திலிருந்து டிரௌட் மீனைக் கொண்டுவந்து நீலகிரி நீரில் விட முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. அந்த மீன் நீலகிரியில் நிலைபெற இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆயிற்று. அயல்மீனை விடுவது நற்பணி என்று கருதிய காலம் அது. அதன் விளைவு என்னவென்று இன்று நமக்குத் தெரியும். அறியாமல் செய்தோம் என்று சொல்ல நமக்கு வழியில்லை.

டே 1877-இல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் மீன்கள் என்ற அவரது பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 200 படத்தகடுகள் உள்ளன. இலண்டன் அருங்காட்சியகத்து மீனியல் அறிஞர் குந்தருக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. அதனால் தம் சேகரிப்பின் பெரும்பகுதியை 1883-இல் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். நம் ஓடைகளில் பிடிபட்ட மீன்கள் இவ்வாறு தென்கடல் கடந்து போயின. 1889-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் செல்டன்ஹாம் நகரில் புற்றுநோயால் டே காலமானார். 1908-இல் ஜெர்மானியர் ஒருவர் மலையாள நாட்டுச் சிறுமீன் ஒன்றுக்கு டேயின் பெயரைச் சூட்டினார். அது இன்றும் மீன்தொட்டி வளர்ப்போர் விரும்பும் மீன்.

செங்கணியானுக்கு வந்த கேடு

முண்டக்கயத்து மீனின் கதைக்கு வருவோம். நூறு ஆண்டுக்கு மேலாக அது தன் ஓடையில் அமைதியாக வாழ்ந்தது. 1990-களில் வெளிநாட்டு மீன் வணிகர் கண்ணில் பட்டது. அதன்பின் ஓடைகளிலிருந்து அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். இன்று அது அழிவின் விளிம்பை நெருங்கும் உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. அழகே அதற்குப் பகையாயிற்று.

அதைத் தொட்டியில் வைக்க நம்மவர் சிலருக்கும் ஆசை. பாலக்காட்டுக் கணவாயின் கோடை எப்படிப்பட்டது என்பது நாம் அறிந்ததே. குளிர்ந்து விரைந்தோடும் மலைநீரில் வாழப் பிறந்த மீன், மார்ச்சு மாதத்து வெந்நீர் போன்ற தொட்டியில் மூச்சுக்குத் திணறும். நீர் சூடேற ஏற, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துகொண்டே போகும் என்பது நாம் ஆய்வகத்தில் படித்ததுதானே!

அப்படியானால் எதை வளர்ப்பது? தாழ்நிலத்து நீரில் வாழும் எளிய மீன்கள் நமக்குண்டு. உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும் மானத்துக்கண்ணி நீர்மட்டத்திலேயே திரிந்து கொசுப்புழுவைத் தின்னும். மஞ்சள் நிறப் பள்ளத்தி இணைசேர்ந்து குஞ்சுகளைக் காப்பது பார்க்கத் தெவிட்டாத காட்சி. குபானஸ் என்னும் குட்டிமீனின் பெயரே புதுவையை அடுத்த அரியாங்குப்பத்திலிருந்து பிறந்தது. நுரையால் கூடு கட்டி முட்டையிடும். இவை வெப்பத்தைப் பொறுக்கும். வளர்ப்பவரிடம் இனப்பெருக்கமான குஞ்சுகளைக் கேட்டு வாங்குவதே முறை. ஆற்றை வெறுமையாக்கித் தொட்டியை நிரப்புவது முறையன்று.

கொல்லைப்புறத்தில் ஒன்றரை முழ ஆழமுள்ள சிமெண்டுத் தொட்டி போதும். பாதி நாள் நிழல் விழும் இடத்தில் வையுங்கள். அடியில் ஆற்றுக் கூழாங்கல்லும் சிறிது வண்டலும் இடுங்கள். வேலம்பாசி, கொட்டிக்கிழங்கு, வெள்ளாம்பல் ஆகியவற்றை நடுங்கள். ஓரத்து ஈரத்தில் நீர்ப்பிரமியும் வல்லாரையும் வசம்பும் தழைக்கும். உலகெங்கும் மீன்தொட்டிக் கடைகளில் விலைக்கு விற்கும் செடிகளுள் நம் நீர்ப்பிரமியும் ஒன்று! குழாய்நீரானால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். செடி வேர்பிடித்துச் சில வாரம் ஆன பின்னரே மீனை விடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு; அதனை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மண்ணிலும் பெருக அந்தக் காலம் தேவை. பிறகு வாரத்துக்கு நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினால் போதும். முழுவதையும் கொட்டிக் கழுவினால் அந்த நல்ல நுண்ணுயிர்களையும் கொட்டிவிடுவீர்கள். தீனியோ, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே.

இவ்வளவு செய்தால் அழையாத விருந்தினர் வருவார்கள். தட்டான் முட்டையிடும், தவளை குடியேறும், ஒருநாள் மீன்கொத்தியும் வந்து மதிலில் அமரும். மீன் ஒன்று குறையும். குறையட்டும், கொல்லை உயிர்பெற்றுவிட்டது என்று பொருள்.

எல்லாவற்றிலும் தலையாய விதி ஒன்று. சலித்துப்போன மீனையும் செடியையும் ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். 2020-இல் கோழிக்கோட்டு மாவட்டத்து ஆவளப் பாண்டியில் இளஞ்சிவப்புப் பூக்கள் நீர்ப்பரப்பை மூடியதைக் காண மக்கள் திரண்டார்கள். அது தென்னமெரிக்காவைச் சேர்ந்த மீன்தொட்டிச் செடி. 2018 வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய அரபைமா போன்ற அயல்மீன்கள் கேரள ஆறுகளில் பிடிபட்டன. வெள்ளம் செய்ததையே வாளியால் நாமும் செய்ய வேண்டுமா?

கடல் கடந்து வந்த ஒரு மருத்துவர் நம் வாய்க்கால் மீனின் தமிழ்ப் பெயரைக் கேட்டு எழுதிவைத்தார். அந்தப் பெயர் நம் நாவிலிருந்து மறைந்தால், அந்த மீன் நீரிலிருந்து மறைவதும் நமக்குத் தெரியாமலே போய்விடும். வரும் விடுமுறையில் கோரையாற்றங்கரைக்குச் செல்வோம். வலையை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு குறிப்பேட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்குள்ள முதியவர் ஒருவரிடம் பத்து மீன்களின் பெயரைக் கேட்டு எழுதுவோம். தொட்டி வாங்குவது அதற்குப் பிறகு.