எழுதுகோல் ஏந்திய திரையரசி: டி. பி. இராஜலட்சுமி

ஆரணிச் சீமையின் ஊர்களில் நிகழும் தெருக்கூத்தில் திரௌபதியாக ஆடுபவரும் பெரும்பாலும் ஆடவரே. பெண்ணின் அழுகையையும் சினத்தையும் ஆணின் குரலில் கேட்டுப் பழகிய ஊர்களுள் தேவிகாபுரமும் ஒன்று. தமிழ் நாடக மேடையிலும் நெடுங்காலம் பெண் வேடத்தைச் சிறுவரும் ஆடவருமே மிகுதியாகப் புனைந்தனர். அம்மேடையில் பெண்ணாகவே தோன்றி, பின்னர்த் திரையில் பேசிப் பாடி, அதன் பின்னர்த் தாமே கதை எழுதிப் படத்தை இயக்கவும் செய்தவர் டி. பி. இராஜலட்சுமி. தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி என்று அவரை அறிந்தோர் பலர். எழுத்தாளர் என்று அறிந்தோர் மிகச் சிலரே.

தஞ்சை மாவட்டத்துச் சாலியமங்கலத்தில் 1911 ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். விளையாட்டுப் பருவம் கழியும் முன்னரே, அக்கால வழக்கப்படி, அவருக்குத் திருமணம் முடிக்கப்பட்டது. அம்மணம் நிலைக்கவில்லை. பிறந்தகம் திரும்பிய சிறுமி விரைவில் தந்தையையும் இழந்தார். தாயும் மகளும் பிழைப்பு நாடித் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றனர். இசைஞானம் இயல்பாகவே வாய்த்திருந்த அச்சிறுமியைச் சங்கரதாசு சுவாமிகள் ஊக்குவித்தார். சாமண்ணா ஐயரின் நாடகக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. நாடகத்தில் நடிக்கும் பெண்ணைச் சமூகம் இழிவாகக் கருதிய காலம் அது. அந்தணர் குலத்துச் சிறுமி அரிதாரம் பூசுவது எத்தகைய ஏச்சுக்கு இடமளித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நாடகத்தில் புகழ் பெற்றுச் சில ஊமைப்படங்களிலும் நடித்த அவரை, எச். எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ நாடறியச் செய்தது. பம்பாயில் உருவாகி 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியான அப்படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்தன. காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாடலும் அதில் இடம்பெற்றது. பழங்காலத்துக் கதைக்கும் இராட்டைக்கும் தொடர்பில்லை எனினும், விடுதலை வேட்கை மிகுந்திருந்த மக்கள் அதனை மகிழ்ந்து வரவேற்றனர்.

அப்படத்தில் இராஜலட்சுமி ஏற்ற வேடம் சிந்தனைக்குரியது. அமைச்சரின் சூழ்ச்சியால், கல்லாத ஆயனொருவனைப் பேரறிஞன் என நம்பி மணக்கும் இளவரசி அவள். பிறர் முடித்து வைத்த மணத்தின் துயரைத் தம் வாழ்வில் கண்ட பெண்மணி, திரையிலும் அத்தகைய மணமகளாகவே தோன்றினார்! ஆயின் அந்த இளவரசியின் கதையை ஆக்கியவர் அவரல்லர்.

1933 இல் கல்கத்தாவில் உருவான ‘வள்ளி திருமணம்’ படத்தில் வள்ளியாக நடித்துப் பெரும்புகழ் எய்தினார். அப்படத்தில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தைக் கணவராக ஏற்றார். ‘சினிமா ராணி’ என்னும் பட்டமும் அவரை வந்தடைந்தது. இந்நிலையில் வேறொருவராயின் புகழ் போதுமென்று அமைந்திருப்பர். இராஜலட்சுமியோ எழுதுகோலை எடுத்தார். ஓர் இளம்பெண்ணின் காதலையும் மணத்தையும் பொருளாகக் கொண்டு ‘கமலவல்லி’ என்னும் புதினத்தைப் படைத்தார்.

அப்புதினமே 1936 இல் ‘மிஸ் கமலா’ என்னும் திரைப்படமாயிற்று. கதை, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகி வேடம் ஆகிய அனைத்தையும் அவரே ஏற்றார். வள்ளியும் சீதையும் திரையை ஆண்ட நாளில், மணமாகாத இக்காலப் பெண்ணைக் குறிக்கும் ‘மிஸ்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைத்ததே ஒரு துணிவு எனலாம். வட நாட்டில் பாத்மா பேகம் 1926 இல் இயக்கத் தொடங்கினார். தென்னாட்டில் அப்பெருமை இராஜலட்சுமியைச் சாரும். தம் கதைத்தலைவியின் பெயரையே தம் மகளுக்கும் அவர் சூட்டினார். படைப்பின் மேல் அவருக்கிருந்த பற்றுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பின்னாளில், படத்தொழிலில் ஈட்டிய பொருளைப் படத்தொழிலிலேயே இழந்தார். 1961 இல் கலைமாமணி விருது அவரைத் தேடி வந்தது. 1964 இல் அவர் மறைந்தார்.

‘காளிதாஸ்’ படத்தின் படச்சுருள் இன்று இல்லை. ‘மிஸ் கமலா’வின் கதியும் அதுவே. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காதற் கதைகள் பலவற்றை இயக்கிய எல்விரா நோட்டாரி என்னும் பெண்மணியின் படங்களும் பெரும்பாலும் அழிந்தே போயின. எனினும் அவருடையவற்றுள் சிலவாவது எஞ்சின. இருவனின் காதலுக்கிடையே ஆடும் இளம்பெண்ணொருத்தியைக் காட்டும் 1922 ஆம் ஆண்டுப் படம் அவற்றுள் ஒன்று. நம் கமலாவுக்கு அப்பேறும் வாய்க்கவில்லை.

பாவும் ஊடையும் சேர்ந்தே பட்டாகும் என்பதைத் தறிமேடையில் அமர்ந்தோர் அறிவர். முகமும் எழுத்துமாக இழையோடிய வாழ்வு இராஜலட்சுமியுடையது. முகத்தை மட்டும் நினைவில் வைத்து எழுத்தை மறப்பது, ஊடையை உருவிவிட்டுப் பாவைப் பாராட்டுவது போன்றதாகும். திரை வரலாற்றில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழ்ப் புதின வரலாற்றில் அவருக்குரிய இடத்தை அளிக்கும் கடமை, எழுத்தை நேசிப்போர் கையிலேயே இன்னும் இருக்கின்றது.